ஒன்று கூடிய விடைகள்

மியாகாவ்
1993 ஜூன் 20

அன்பு நைடா,

உன்னைக் கேட்காமல் உன் அலமாரியைத் திறந்துவிட்டேன். நீ ஆசிரியைப் பயிற்சிக்குப் படித்த காலத்துப் புத்தகங்களில் கணக்குப் பாடம் நடத்துவது பற்றிய இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டேன். கடிதம் போட்டு உன் அனுமதி வருவதற்குள் பள்ளியில் ஒரு பாடம் முடிந்துவிடும் என்பதால் எடுத்தேன். தவறென்றால் சொல், திரும்ப வைத்துவிடுகிறேன்.

ஜொவெலின் மூன்றாம் வகுப்பு ஆரம்பித்துவிட்டாள். பெற்றோர் கூட்டத்துக்கு உனக்குப் பதிலாக நான்தான் போனேன். என்னைத் தவிர வந்திருந்தவர்கள் எல்லாம் தாய்மார்கள். அவளுடைய ஆசிரியை திருமதி பாலெய்ரா, "இந்த வருஷம்தான் பெருக்கல், வகுத்தல் எல்லாம். நாங்க இங்க சொல்லிக் குடுக்கறது பாதிதான். வீட்ல தினமும் உக்கார வெச்சுப் போட வைக்கணும்" என்றார். நான் தலையாட்டினேன். வெளியே வந்த பிறகுதான் பயம் வந்தது. வானிலை நிலையத்தில் வேலை பார்த்த காலமெல்லாம் மழையை அளந்து எழுதியவன் நான். பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தவன் இல்லை. உனக்குக்கூட உன் அம்மாதான் சொல்லிக்கொடுத்தாள்.

ஆனாலும் தொடங்கிவிட்டேன். மாலையில் அவித்த வாழைப்பழம் தின்றுவிட்டு மேசைக்கு வருகிறாள். சிகரெட் அட்டைகளை வெட்டி ஒரு பக்கம் கணக்கும் மறுபக்கம் விடையும் எழுதி வைத்திருக்கிறேன். கழித்தலுக்கு என் அப்பா எனக்குச் சொல்லித்தந்த முறை: மேலே பத்தைச் சேர்த்துக்கொண்டால், கீழே அடுத்த எண்ணோடு ஒன்றைச் சேர்த்துத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். "யாருக்கு லோலோ திருப்பிக் குடுக்கறோம்?" என்று இந்தத் தாத்தாவைக் கேட்டாள். நான் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "உங்களுக்கு மழையத்தான் எண்ணத் தெரியும்" என்று சிரித்தாள்.

எப்படிச் செய்ய வேண்டும் என்று எழுது. நீ ஆசிரியை. நான் உன் காலி இடத்தில் வந்து உட்கார்ந்திருப்பவன்.

உன் அப்பா
எலிசெயோ

*

ஹாங்காங்
1993 ஜூலை 11

அன்புள்ள அப்பா,

ஆசி கேட்டு உங்கள் கையை என் நெற்றியில் வைத்துக்கொள்கிறேன்.

புத்தகம் எடுத்ததற்கெல்லாமா மன்னிப்பு? கரையான் தின்னாமல் இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் இதைச் சதுக்கத்தில் அட்டைப்பெட்டியை விரித்து உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்தில் நம் ஊர்ப் பெண்கள் சீட்டாடுகிறார்கள். "என்ன டீச்சர், காதல் கடிதமா?" என்று கேலி. அப்பாவுக்குக் கணக்குப் பாடம் எழுதுகிறேன் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

இப்படிச் செய்யுங்கள். ஒரு மாலைக்குப் பத்துக் கணக்குக்கு மேல் வேண்டாம். முதல் இரண்டு அவளுக்கு நிச்சயம் வரும் கணக்காக இருக்கட்டும். தப்பு போட்டால் உடனே திருத்தாதீர்கள். வாய்ப்பாட்டை மனப்பாடம் பண்ணச் சொல்வதற்கு முன்னால் சுங்காப் பலகையை எடுங்கள். ஆறு குழியில் ஏழு ஏழு சோழி போட்டு எண்ணட்டும். கை எண்ணினால்தான் தலை நம்பும்.

எனக்கு இதெல்லாம் மறக்கவில்லை, மறக்க விடமாட்டேன் என்கிறார்கள். நான் வேலை செய்யும் வீட்டுக் குழந்தை விங்-யான், ஜொவெலினை விட ஒரு வயது சின்னவள். கணக்கு என்றால் அழுகிறாள். நான் டீச்சருக்குப் படித்தவள் என்று தெரிந்ததிலிருந்து வீட்டம்மா, பாத்திரத்தை அப்புறம் கழுவு, முதலில் இவளைப் பார் என்கிறார். போன வாரம் வேறொரு பேச்சில், "நைடா, இவளுக்குக் கணக்கு ஒழுங்கா வர்ற வரைக்கும் உன்ன எங்கயும் விடமாட்டேன்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

ஆனால் மார்ச்சில் ஒப்பந்தம் முடிகிறது. அதற்கு மேல் இரண்டு வருஷம் போடுவதா, வந்துவிடுவதா என்று ஜனவரிக்குள் சொல்ல வேண்டும். இங்கே ஒரு மாதம் கிடைப்பதை அங்கே டீச்சராக இருந்து சேர்க்க எத்தனை மாதம் ஆகும் என்று உங்களுக்கே தெரியும். ஜொவெலினின் அப்பா ஜொவிட்டோ உயிரோடிருந்தால் இந்த யோசனையே இல்லை. ஜொவெலினிடம் இப்போதைக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம்.

விங்-யானுக்கு விரல் பிடித்து எண்ணிக் காட்டும்போதெல்லாம் அது யாருடைய விரல் என்று ஒரு நொடி மறந்துபோகிறது.

நைடா

*

மியாகாவ்
1993 செப்டம்பர் 5

அன்பு நைடா,

உன் கடிதத்தை வழக்கம்போல் இரவுச் சாப்பாடு முடிந்ததும் உரக்க வாசித்தேன். பக்கத்து வீட்டுப் பசிங்கும் அவள் மருமகளும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒப்பந்தம் பற்றிய பகுதியை மட்டும் தாண்டிவிட்டேன். தாண்டும்போது என் குரல் மாறியிருக்கும் என்று நினைக்கிறேன், ஆனால் யாரும் கேட்கவில்லை. விங்-யான் கதையை ஜொவெலின் இரண்டாவது முறை வாசிக்கச் சொன்னாள். "அந்தப் பொண்ணு ரொம்ப மக்கா லோலோ?" என்றாள். அப்படிச் சொல்லக்கூடாது, அவளுக்கு உதவி வேண்டியிருக்கிறது, அதனால்தான் உன் அம்மா அவள் பக்கத்தில் உட்காருகிறாள் என்று விளக்கினேன்.

நீ சொன்னபடிதான் எல்லாம் செய்கிறேன். சுங்காப் பலகை அவளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. ஆறேழு நாற்பத்திரண்டு, ஏழெட்டு ஐம்பத்தாறு எல்லாம் சோழி இல்லாமலே சொல்கிறாள். நான் அட்டையைத் திருப்புவதற்குள் விடை வந்துவிடுகிறது. இரண்டு முறை நான் எழுதி வைத்த விடையே தப்பு என்று காட்டினாள். அவள் சொன்னது சரிதான்.

அப்படியிருக்க, முதல் பருவத் தேர்வில் கணக்கில் பாதிக்கும் கீழே வாங்கியிருக்கிறாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. திருமதி பாலெய்ரா என்னைக் கூப்பிட்டு, "தப்பா நெனைக்காதீங்க லோலோ. வீட்ல நீங்களே போட்டுக் குடுத்துடறீங்களோ?" என்று மெதுவாகக் கேட்டார். இல்லை என்றேன். ஆனால் வீட்டுக்கு நடந்து வரும்போது, நானே அறியாமல் அப்படித்தான் செய்கிறேனோ என்று சந்தேகம் வந்தது. அவள் முகத்தைப் பார்த்துத் தலையசைத்துவிடுகிறேனோ என்னவோ.

என் மேல்தான் குறை இருக்க வேண்டும்.

அப்பா

*

ஹாங்காங்
1993 செப்டம்பர் 26

அன்புள்ள அப்பா,

கோபமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் வகுப்பில் கணக்கில் முதலாக வந்து ரிப்பன் வாங்கிய பிள்ளை. மேடைக்கு ஏறி அதைச் சட்டையில் குத்திவிட அம்மா இல்லாமல் நீங்கள் ஏறினீர்கள். அந்தப் புகைப்படம் என் தலையணைக்கு அடியில் இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு மூன்றே மாதத்தில் என்ன வந்தது?

அந்தத் திருப்பிக் கொடுக்கும் முறையை விடுங்கள். நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். பள்ளியில் பத்தை உடைத்து எடுக்கச் சொல்லித் தருகிறார்கள். வீட்டில் நீங்கள் கடன் வாங்கு, திருப்பிக் கொடு என்கிறீர்கள். தேர்வில் உட்காரும்போது இரண்டும் குழம்பிப்போகிறது. உங்கள் அப்பா சொல்லித் தந்தது என்பதற்காக என் பிள்ளை தோற்க வேண்டுமா?

இங்கே விங்-யான் போன வாரம் முதல் முறையாக எழுபதுக்கு மேல் வாங்கினாள். வீட்டம்மா எனக்குக் கேக் வெட்டிக் கொடுத்தார். அதை விங்-யான் தட்டிலேயே வைத்துவிட்டேன். பிறத்தியார் பிள்ளையைத் தேற்றிவிட்டு என் பிள்ளையைத் தொலைத்துக்கொண்டிருக்கிறேன்.

நைடா

*

மியாகாவ்
1993 நவம்பர் 14

அன்பு நைடா,

நீ எழுதியது சரி. அன்றே என் அப்பாவின் முறையை நிறுத்தினேன். பள்ளிப் புத்தகத்தில் உள்ள முறையை, அவள் பள்ளிக்குப் போனபின் நான் தனியாக உட்கார்ந்து பழகினேன். இந்த வயதில் கை பழைய பாதையிலேயே போகப் பார்க்கிறது. ஒரு வாரம் கழித்து அவளோடு அதே முறையில் போட்டேன். "என்ன லோலோ, எங்க டீச்சர் மாதிரியே போடறீங்க? யாரு அடிச்சா உங்கள?" என்றாள்.

இரண்டாம் பருவத் தேர்வும் வந்துவிட்டது. முதலை விடக் குறைவு.

உனக்கு மறுத்து எழுதுவதாக எண்ணாதே. ஆனால் உன் காரணம் முழுவதும் பொருந்தவில்லை என்று தோன்றுகிறது. தாளை வாங்கிவந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். திருப்பிக் கொடுக்க மறந்திருந்தால் விடை பத்து கூடி வர வேண்டும். எண்பத்து நான்கில் முப்பத்தேழு போனால் ஐம்பத்தேழு என்று எழுதியிருப்பாள். அவள் எழுதியிருப்பது நாற்பத்தெட்டு. நாற்பத்தேழு என்பதே சரி. பெருக்கலிலும் தப்பு வருகிறது, அங்கே கடனும் இல்லை, திருப்புவதும் இல்லை. இதிலிருந்து என்ன தெரிகிறது என்று எனக்கு இன்னும் சொல்லத் தெரியவில்லை. நான் சொல்வது தவறாகவும் இருக்கலாம்.

கிறிஸ்துமஸுக்குத் தொலைபேசி நிலையத்துக்கு அழைத்து வருகிறேன். நீ குறித்த நேரத்துக்கு முன்னாலேயே வந்து காத்திருப்போம். நீயே அவளிடம் பேசிப் பார்.

அப்பா

*

ஹாங்காங்
1994 ஜனவரி 2

அன்புள்ள அப்பா,

அந்தப் போனுக்குப் பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. சட்டை கேட்கவில்லை, பொம்மை கேட்கவில்லை. எடுத்ததும் என்ன சொன்னாள் தெரியுமா? "அம்மா, எனக்குக் கணக்கு வரவே மாட்டேங்குது. விங்-யானுக்கு இப்ப வந்துடுச்சா?" என்றாள். வந்துவிட்டது, எழுபத்தெட்டு வாங்கினாள் என்றேன். "அப்ப சரிம்மா. நான் அவளை விட ரொம்பக் கம்மி" என்றாள். அழுவாள் என்று நினைத்தேன். சந்தோஷமாகச் சொன்ன மாதிரி இருந்தது. லைன் சரியில்லாததால் அப்படிக் கேட்டிருக்கும்.

வீட்டம்மாவிடம் சொல்லிவிட்டேன், கையெழுத்துப் போடப்போவதில்லை என்று. "உன் அப்பாதான் பாத்துக்கறாரே, அப்புறம் என்ன?" என்றார். "என் பொண்ணு கழித்தல்ல தோத்துப்போறா மேடம். நான் டீச்சர்" என்றேன். அவரும் ஒரு தாய்தானே, ஒத்துக்கொண்டார். ஒப்பந்தத் தாளை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு, ஜனவரி முடிவு வரை யோசி என்றார். யோசிக்க ஒன்றுமில்லை. மார்ச்சில் வருகிறேன். வீட்டுக்குக் கூரை மாற்றுவதும் மற்றதும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் வருவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இது. தப்பான விடையைக் காட்டி ஏன் தப்பு போட்டாய் என்று கேட்கக்கூடாது. இந்த எண் உனக்கு எப்படி வந்தது, எனக்கும் சொல்லிக்கொடு என்று கேட்க வேண்டும். நடுவில் பேசாதீர்கள். அவள் சொல்வதை அப்படியே எனக்கு எழுதுங்கள். எங்கே தடுக்குகிறது என்று தெரிந்தால் நான் வந்து அங்கிருந்து ஆரம்பிப்பேன்.

நைடா

*

மியாகாவ்
1994 ஜனவரி 16

அன்பு நைடா,

இந்தக் கடிதத்தை மூன்று முறை தொடங்கிக் கிழித்தேன். நீ கேட்டது நான் கண்டதை எழுத வேண்டும் என்பது. எழுதுகிறேன்.

அவளுடைய பழைய தாள்களை எல்லாம் எடுத்து, தப்பான விடைகளைச் சரியான விடைகளின் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். நாற்பத்திரண்டுக்கு நாற்பத்து மூன்று. இருபத்தைந்துக்கு இருபத்தாறு. ஏழுக்கு எட்டு. எல்லாம் ஒன்றே ஒன்று கூடுதல். குழம்பிய பிள்ளையின் தப்பு இப்படி வரிசையாக வராது. எங்கள் நிலையத்தில் ஒரு முறை மழைமானி பழுதாகி இப்படித்தான் ஒரே அளவு கூடுதலாகக் காட்டிக்கொண்டிருந்தது.

நேற்று மாலை அவளிடம் நீ சொன்னபடியே கேட்டேன். "இந்த நாற்பத்தெட்டு எப்படி வந்துச்சுன்னு எனக்கும் சொல்லிக் குடு, இண்டாய் கண்ணு" என்றேன்.

வாழைப்பழத் தோலை உரித்துக்கொண்டே சொன்னாள்: "முதல்ல சரியாப் போடுவேன் லோலோ. நாப்பத்தேழு. அப்புறம் அதோட ஒண்ணு சேத்துக்குவேன்."

நான் நடுவில் பேசவில்லை. 

"எல்லாத்துலயும் சேத்தா டீச்சர் கண்டுபிடிச்சிருவாங்க. அதான் கொஞ்சத்துல சேக்கறது" என்றாள். பிறகு, எனக்குப் புரியவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னாள்: "விங்-யானுக்குக் கணக்கு வரல. அதனால அம்மா அவ பக்கத்துல உக்காந்திருக்காங்க. நீங்கதான சொன்னீங்க? எனக்கு வந்துச்சு. வந்ததுனால யாரும் வரல. போன வருஷம் ரிப்பன்கூட வாங்குனேனே, அதுக்கும் வரல. இப்ப அவளுக்கு வந்துருச்சு, எனக்கு வரல. இனிமே இங்கதான வரணும்?"

நைடா, அவள் கணக்கில் எனக்குத் தவறு தெரியவில்லை.

"அம்மாகிட்ட சொல்லிராதீங்க" என்றாள். நான் சரி என்று சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவள் அதைச் சரி என்றே எடுத்துக்கொண்டு, என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு விளையாடப் போனாள்.

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று இரவெல்லாம் நினைத்தேன். நீதான் வருவதாக எழுதிவிட்டாயே. ஆனால் உனக்கு எழுதும் கடிதத்தில் ஒரு பொய்யை வைக்க என்னால் முடியவில்லை. இதைப் படித்தால் மார்ச் வரைக்கும்கூடப் பொறுக்காமல் நீ கிளம்பிவிடுவாய் என்பது என் எண்ணம். அந்த எண்ணத்தில்தான் எழுதுகிறேன். அவள் சொன்னதை உனக்கு எழுதியது அவளுக்குத் தெரிய வேண்டாம். வா.

அப்பா

*

ஹாங்காங்
1994 பிப்ரவரி 6

அன்புள்ள அப்பா,

நீங்கள் எழுதியிருக்கக் கூடாது.

உங்களைக் குறை சொல்லவில்லை. கேட்டது நான். ஆனால் எழுதியிருக்கக் கூடாது.

கணக்கு வராத பிள்ளைக்காக நான் வந்திருப்பேன். பெட்டியில் துணிகூட அடுக்கத் தொடங்கிவிட்டேன். நான் டீச்சர், என் பிள்ளை தோற்றுக்கொண்டிருக்கிறாள், போயாக வேண்டும் என்று எனக்கே சொல்லிக்கொள்ள ஒரு காரணம் இருந்தது. யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம். வீட்டம்மாகூட ஒத்துக்கொண்டார். அந்தக் காரணத்தை உங்கள் கடிதம் எடுத்துப் போட்டுவிட்டது. என் பிள்ளைக்குக் கணக்கு வருகிறது. அம்மாதான் வேண்டும்.

அம்மா வேண்டும் என்கிற பிள்ளை இந்தச் சதுக்கத்தில் அட்டை விரித்து உட்கார்ந்திருக்கிற எல்லாருக்கும் இருக்கிறது, அப்பா. அதைச் சொல்லி இங்கிருந்து யாரும் போனதில்லை. உங்கள் கடிதத்தை பக்கத்தில் சீட்டாடும் ரோசலிட்டாவிடம் வாசித்துக் காட்டினேன். அவளுக்கு மூன்று பிள்ளைகள். கடைசிப் பையன் அவளை அக்கா என்று கூப்பிடுகிறான். கேட்டுவிட்டு, "உன் பொண்ணு கெட்டிக்காரி, பொழச்சுக்குவா" என்றாள். பிறகு சீட்டைக் கலைத்துப் போட்டாள்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். இரண்டு வருஷம். மாத முடிவுக்கு முந்தின நாள் இழுப்பறையிலிருந்து தாளை நானே எடுத்தேன். வீட்டம்மா கேட்கக்கூட இல்லை. பாத்திரம் கழுவிய ஈரக் கையோடு போட்டதில் மை கொஞ்சம் பரவிவிட்டது. மார்ச்சில் பத்து நாள் லீவு தருவார்களாம். பத்து நாள் வந்து திரும்பப் போவதை நான் தாங்குவேன், அவள் தாங்குவாளா? வேண்டாம் என்று விமானச் செலவைக் கூரைக்கு எடுத்துக்கொண்டேன். நான் செய்வது சரியா என்று என்னைக் கேட்காதீர்கள்.

அவளுக்குத் தனியாக ஒரு தாள் வைத்திருக்கிறேன். இதை உரக்க வாசிக்க வேண்டாம். பசிங்கைக் கூப்பிட வேண்டாம். அவளே படிக்கட்டும்.

நைடா

*

மியாகாவ்
1994 மார்ச் 27

அன்பு நைடா,

உனக்கு உடனே பதில் எழுதாததற்கு மன்னித்துக்கொள். நல்ல சேதி ஏதாவது சேர்ந்து வரட்டும் என்று காத்திருந்தேன்.

உன் தாளை அவளிடம் கொடுத்தேன். பின்கட்டுப் படியில் உட்கார்ந்து படித்தாள். நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். படித்து முடித்து மடித்தாள். பிறகு பிரித்து மறுபடி படித்தாள். உள்ளே வந்து, "சொல்லிட்டீங்க, இல்ல?" என்றாள். ஆமாம் என்றேன். "நான் சொல்லாதீங்கன்னு சொன்னேன்" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அம்மா எத்தனை வருஷம் என்று எழுதியிருக்கிறாள் என்று கேட்டேன், எனக்குத் தெரியாததுபோல். "ரெண்டு" என்றாள். அதோடு சரி. நீ அந்தத் தாளில் வேறு என்ன எழுதினாய் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

அடுத்த நாள் மாலை அட்டைகளை எடுத்து வைத்துக்கொண்டு மேசையில் காத்திருந்தேன். வாழைப்பழத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போனாள். "இனிமே வேணாம் லோலோ. எனக்கு எல்லாம் தெரியும்" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். இப்போதெல்லாம் என்னிடம் மிகவும் மரியாதையாகப் பேசுகிறாள். என்னைக் கேலி செய்வதில்லை.

இந்த இடத்தில் உனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. பயத்தில் முதலில் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். நான் எழுதியிருக்கக் கூடாது என்றாய். நானும் அதைப் பலமுறை போட்டுப் பார்த்தேன். சொல்லாமல் இருந்திருந்தால் நீ இந்நேரம் இந்த மேசையில் இருந்திருப்பாய். சொன்னால் நீ இன்னும் சீக்கிரம் வருவாய் என்று கணக்குப் போட்டேன். உன்னையும் நான் சரியாக அறிந்திருக்கவில்லை. எனக்கு எட்டாததில் தலையிட்டுவிட்டேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்கலாம். அவளிடம் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

கடைசிப் பருவத் தேர்வு முடிந்தது. திருமதி பாலெய்ரா என்னை வகுப்புக்கே வரச் சொல்லியிருந்தார். வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டு, "லோலோ, என்ன மந்திரம் போட்டீங்க? மொத்த வகுப்புலயும் இவ ஒருத்திதான் முழுசா வாங்கியிருக்கா" என்றார். மற்ற ஆசிரியைகளும் வந்து கை கொடுத்தார்கள். வருஷத்தின் மற்றத் தேர்வுகள் கெட்டதால் ரிப்பன் கிடைக்காது என்று வருத்தப்பட்டார். ஜொவெலின் பக்கத்தில் நின்று, "பரவால்ல டீச்சர், அதக் குத்திவிட ஆளும் இல்ல" என்றாள்.

தாளை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அவள் தூங்கும் வரை தொடவில்லை. பிறகு விளக்கருகே வைத்து, என் பழைய வழக்கப்படி, ஒவ்வொரு கணக்கையும் நானே போட்டு அவள் விடையோடு ஒப்பிட்டேன். முதலில் பள்ளிக்கூட முறையில் போட்டேன். பிறகு என் அப்பாவின் முறையில் போட்டேன். ஆசிரியை கவனக்குறைவாகத் திருத்தியிருக்கலாம் அல்லவா? ஏதாவது ஒன்றிலாவது, ஒரே ஒன்றிலாவது, விடை ஒன்று கூடுதலாக இருக்காதா என்று தேடினேன்.

இல்லை, நைடா. எல்லாம் சரியாக இருக்கிறது.

அப்பா